தட்டிப் பார்த்தல்

வீட்டுக்கு வருகிறவர்கள் ஹால் சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, குட்டி கிட்டாரா?" என்று கேட்பார்கள். யுகுலேலே என்பேன். "எங்க வாங்குனீங்க?" "வாங்கலை, நான் பண்ணினது." அப்போதுதான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஐ.டி. வேலையில இருந்துட்டு இதெல்லாம் எதுக்கு? அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறேன். நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், கையால் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் பதில். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் ஆரம்பித்த காரணம் வேறு. அது என் வலது காது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீம் மீட்டிங்கில் ஹெட்செட்டின் வலது பக்கம் வேலை செய்யவில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். பிரச்சினை என்றால் முதலில் கருவியைச் சந்தேகிப்பது எங்கள் தொழிலில் வந்த பழக்கம். கடைசியில் ஹெட்செட்டைத் திருப்பி மாட்டினேன். செத்துப்போனதாக நான் நினைத்த ஸ்பீக்கர் இடது காதில் கணீரென்று பேசியது.

அப்போதும் சளி அடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆவி பிடித்தேன். அந்த வாரம் ஒரு ரிலீஸ் இருந்தது, அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது 12 நாள் ஆகியிருந்தது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் தாளைக் காட்டினார்கள். இடது காதின் கோடு மேலே சமமாகப் போனது. வலது காதின் கோடு எங்கோ அடியில் கிடந்தது. காதுக்குள் அடைப்பு எதுவும் இல்லை. உள்காதோ, நரம்போ திடீரென்று செயலிழந்துவிட்டது. பலருக்கு ஏன் வருகிறதென்றே கண்டுபிடிக்க முடியாதாம். ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. "அடைப்பு மாதிரியே இருக்கும் சார், அதனாலதான் எல்லாரும் லேட்டா வர்றாங்க" என்றார் மருத்துவர். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாத்திரை, பிறகு செவிப்பறை வழியாக ஊசி. கோடு மேலே ஏறவில்லை.

ஒரு காது போனால் பாதிச் சத்தம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சத்தம் ஓரளவு கேட்கும், இடது காது எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து பிடித்துவிடும். போவது திசை. இரண்டு காதுகளையும் ஒலி எட்டும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. ஒற்றைக் காதுக்காரனுக்கு அந்தக் கழித்தல் கணக்கு கிடையாது. போன் அடித்தால் எந்த அறையில் என்று தெரியாது. சாலையில் ஹாரன் எல்லாப் பக்கமிருந்தும் வரும். ஹோட்டலில் நாலு மேசை பேசினால், எதிரில் இருப்பவர் பேச்சும் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். இது போதாதென்று, செத்த காதுக்குள் ஒரு விசில் நிற்காமல் ஓடுகிறது. ஒருநாள் டோன் ஜெனரேட்டர் ஆப்பை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சுமார் 6000 ஹெர்ட்ஸ்.

கல்லூரிக் காலத்திலிருந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன். அதை உறைக்குள் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். வாசித்தால் சத்தம் வந்தது. ஆனால் படுத்துக்கிடக்கும் சத்தம். எங்கிருந்தும் வராத சத்தம்.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒரு ராத்திரி நடந்தது. மனைவி ஊருக்குப் போயிருந்தாள். மகளுக்கு அப்போது 5 வயது. பக்கத்து அறையில் தூங்கவைத்திருந்தேன். நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன் போல. நல்ல காது தலையணைக்குள். அப்படிப் படுத்தால் எனக்கு உலகம் கிடையாது. திடீரென்று யாரோ தோளில் தட்டுவது தெரிந்து எழுந்தேன். கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். உடம்பு கொதித்தது. சட்டையெல்லாம் வாந்தி. அழுது முடித்த முகம். ஆமாம், அழுது முடித்த முகம்தான்.

"கூப்டேன்ப்பா. ரொம்ப நேரமா கூப்டேன்."

பிறகு மெதுவாகக் கேட்டாள், "என் மேல கோபமா?"

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தோளில் தட்டுவாள். எது வேலை செய்கிறதோ அதைக் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அதைச் சமத்து என்றார்கள். எனக்கு ஒவ்வொரு தட்டுக்கும் அந்த ராத்திரி வந்துபோகும்.

*

அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு யாரோ ஒரு யுகுலேலே கொடுத்தார்கள். பிளைவுட்டில் செய்து ரோஸ் பெயின்ட் அடித்தது. மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டோம். பசை இளகி, தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. "சரி பண்ணிடலாம்" என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

பிரிட்ஜ் இல்லாத அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா விரலால் மேல்பலகையைத் தட்டினேன். அந்தத் தட்டு விலா எலும்பில் வந்து விழுந்தது. இன்னொரு தடவை தட்டினேன். ஓரத்தில் தட்டினால் ஒரு மாதிரி, நடுவில் தட்டினால் வேறு மாதிரி. காதுக்கு எல்லாம் ஒரே 'டொப்'தான். உள்ளங்கைக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வருடத்தில் முதல்முறையாக ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி முழுக்க யுகுலேலே பற்றிப் படித்தேன். ஹவாய்க்காரர்கள் 'உகுலேலே' என்று சொல்கிறார்கள். 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. விரல்கள் தந்தியில் துள்ளுவதால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானிக்கு அது பிடிக்கவில்லை. வந்து சேர்ந்த பரிசு என்று அவர் பொருள் சொன்னார். அது வந்து சேர்ந்தது உண்மைதான். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலுலுவுக்கு வந்தது. கரும்பு, கப்பல், ஒப்பந்தம் என்ற மூன்று சொற்களும் சேர்ந்து வந்தால் தமிழில் படிக்கிறவர்களுக்கு மேலே விளக்கவேண்டியதில்லை. அந்தக் கப்பலில் மானுவல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்து சாந்தோ என்று மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தோட்ட வேலை முடிந்ததும் ஹொனலுலுவில் கடை போட்டு, தங்கள் ஊரின் 'மஷேத்' என்ற சின்ன நரம்பு வாத்தியத்தை அங்கே கிடைத்த கோஆ மரத்தில் செய்தார்கள். அரசர் கலாகவா அதை அரண்மனைக் கொண்டாட்டங்களில் சேர்த்துக்கொண்டார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது.

பெரிய தொழிற்சாலையில் பிறந்த வாத்தியமாக இருந்திருந்தால் மூடிவைத்திருப்பேன். மூன்று தச்சர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தது என்பதால், நாமும் செய்யலாம் என்று ஒரு அசட்டுத் துணிச்சல் வந்தது.

*

எங்கள் வாடகை வீடு கோவையில். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே 6 அடிக்கு 8 அடியில் ஒரு அறை இருக்கிறது. வீட்டுக்காரர் பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்தார். கேட்டதும் ஒழித்துக் கொடுத்தார். ஒரு மேசை, ஒரு வைஸ், இரண்டு உளி, சின்ன இழைப்புளி, உப்புத்தாள், வெர்னியர் காலிப்பர். ஆரம்பத்தில் அவ்வளவுதான் பட்டறை.

மரத்துக்காகப் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே 60 வயது தாண்டிய தச்சர் ஒருவர் கட்டில் சட்டங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் பழுப்பில் பொன்நிறக் கோடு ஓடிய ஒரு பலகையோடு வந்தார்.

"இது ஊட்டி மரமுங்க தம்பி. பிளாக்வுட்டும்பாங்க. பழைய பங்களாக் கட்டில்ல வந்தது."

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளாக்வுட் ஆஸ்திரேலிய மரம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுவந்து நட்டது. ஹவாயின் கோஆவும் இதுவும் அகேசியா குடும்பம், அதிலும் நெருங்கிய உறவு. இங்கிருந்து ஊட்டி மலை கண்ணுக்குத் தெரியும் தூரம்.

அவர் பலகையின் நுனியிலிருந்து கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் இரண்டு விரலால் தொங்கலாகப் பிடித்து, நடுவில் முட்டியால் தட்டினார். "கேக்குதுங்களா?" நான் வழக்கம்போல இடது காதைத் திருப்பிக்கொண்டு கிட்டே போனேன். அவர் என்னையே பார்த்தார்.

"காது மந்தமுங்களா?"

"ஒரு பக்கம் சுத்தமாக் கேக்காதுங்கண்ணா."

"எனக்கு ரெண்டுமே மந்தம். முப்பது வருசம் மிஷின் ரம்பத்துக்கிட்ட நின்னா வேறென்ன ஆகும்? இதைக் காதுல கேக்கறன்னா நெனச்சீங்க? இந்தாங்க, புடிங்க. கையில வருதா?"

பிடித்தேன். தட்டினார். வந்தது. ஒரு விநாடிக்கும் மேலாக விரல்களுக்கிடையில் மரம் நடுங்கி அடங்கியது. அடுத்து வேறொரு பலகையைக் கொடுத்துத் தட்டினார். கல்லைத் தட்டினதுபோலச் செத்துக் கிடந்தது. "இது கதவுக்கு ஆகும்" என்று ஓரமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அவர் பிடித்த இடம் புரிந்தது. தட்டிய பலகை வளைந்து நெளியும்போது இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கும். நுனியிலிருந்து நீளத்தில் 22 சதவீதத்தில் அவை இருக்கின்றன. அங்கே பிடித்தால்தான் மரம் தடையில்லாமல் பேசும். நான் நாலு வருடம் பொறியியல் படித்து ஒரு தேர்வில் எழுதிவிட்டு மறந்ததை அவர் விரல் தினமும் செய்கிறது.

பிறகு ஹொனலுலுவில் 1916-இல் தொடங்கிய காமகா யுகுலேலே நிறுவனத்தைப் பற்றிப் படித்தேன். அங்கே காது கேளாத பலரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். பலகையை இழைக்கும்போது அதன் தடிமனையும் அதிர்வையும் அவர்கள் தொட்டே உணர்ந்தார்கள். உலகம் மதிக்கும் ஒரு வாத்தியம், அதன் சத்தத்தைக் கேட்கவே முடியாதவர்களின் கை வழியாக வெளியே போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை மூடாமல் நாலைந்து நாள் பிரவுசரில் திறந்தே வைத்திருந்தேன்.

*

முதல் யுகுலேலேயை முழுக்கக் கணக்கை நம்பிச் செய்தேன். காதை நம்ப முடியாதவனுக்குக் கணக்கு பெரிய ஆறுதல். வீணை செய்கிறவர்கள் மெழுகில் பதியும் மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். எனக்கு அது வாய்க்காது. யுகுலேலேக்குச் சூத்திரம் இருக்கிறது. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. நான் எடுத்துக்கொண்ட 380 மில்லிமீட்டருக்கு முதல் ஃபிரெட் 21.33-இல் வரும். 12-ஆவது மிகச் சரியாகப் பாதியில், 190-இல். ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு மூன்று தசம இடம் வரைக்கும் பிரின்ட் எடுத்து ஒட்டினேன்.

பக்கப் பலகைகளை வளைப்பது அடுத்த வேலை. 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்து, தண்ணீரில் நனைத்து, ஹீட் கன் வைத்துச் சூடேற்றிய இரும்புக் குழாயில் அழுத்தவேண்டும். மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், அப்போது வளையும். முதல் மூன்று பலகைகள் இடுப்பு வளைவில் முறிந்தன. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு அழுத்தியதுதான் தப்பு. நாலாவதில் வாட்சை வைத்துவிட்டுக் கையை மட்டும் வைத்திருந்தேன். முறுக்கிக்கொண்டு நின்ற மரம் ஒரு கணத்தில் விட்டுக்கொடுத்தது. பிடிவாதம் பிடிக்கும் குழந்தை அழுகை ஓய்ந்து தோளில் சாய்வதுபோல. அதற்கு முன்னால் அழுத்தினால் முறியும், காத்திருந்தால் தானாக வரும்.

உள்ளே ஒட்டும் பட்டைகளைப் பிடித்து வைக்க கிளாம்ப் போதவில்லை. கொடியில் இருந்த துணி கிளிப்புகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போனேன். 40 கிளிப். அன்று துணியெல்லாம் காற்றில் பக்கத்து மாடிக்குப் போய்விட்டதாகக் கீழே ஒரே சண்டை.

தந்தி கட்டிய அன்று, ட்யூனர் ஆப் வைத்து ஜி, சி, இ, ஏ சேர்த்தேன். திறந்த தந்தி எல்லாம் சரி. 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் நாலு தந்தியும் சுருதி ஏறிக்கொண்டு போனது. ஆப்பின் முள் சிவப்பைத் தாண்டவில்லை. கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. தந்தியை விரலால் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடும், அதனால் சுருதி ஏறும், அதை ஈடுகட்ட பிரிட்ஜை 2 மில்லிமீட்டர் போலப் பின்னுக்குத் தள்ளவேண்டும். சூத்திரத்தில் தந்தி இருந்தது. அதை அழுத்தும் விரல் இல்லை.

மார்ச் மாதம் அதன் முதுகுப் பலகையும் விரிந்தது. நவம்பர் மழையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஈரத்தில் ஊறி அகன்றிருந்த மரத்தில் குறுக்குச் சட்டம் ஒட்டியிருந்தேன். மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது, அகலவாட்டில்தான் வீங்கிச் சுருங்கும். கோடையில் அது சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. கிழிந்துவிட்டது. எங்கள் தொழிலில் எதையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது. எனக்கு அது புதிதாகவும் இல்லை. 12 நாள் தாமதத்தை எந்தப் பொத்தானை அழுத்தியும் திருப்ப முடியவில்லையே.

*

இரண்டாவது யுகுலேலேயின் மேல்பலகையை இழைக்கும்போது மகள் மாடிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலத் தோளில் தட்டினாள். "என்ன பண்ற?"

"பலகையை மெலிசாக்குறேன்."

"எவ்ளோ மெலிசு?"

அதுதான் கேள்வியே. தடித்திருந்தால் ஊமை. மெலிந்துவிட்டால் தந்தி இழுப்பில் உட்கார்ந்துவிடும். நாலு நைலான் தந்தியும் சேர்ந்து 15, 20 கிலோ எடையில் இழுக்கும். பலகையின் விறைப்பு தடிமனின் கனத்தைப் பொறுத்தது, அதாவது 2.2 மில்லிமீட்டரிலிருந்து 1.8-க்கு வந்தால் விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அந்த 0.4 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. காலிப்பர் தடிமனைச் சொல்லும், போதும் என்று சொல்லாது. ஒவ்வொரு மரமும் வேறு.

நான் இழைப்பதும், பலகையைத் தொங்கலாகப் பிடித்துத் தட்டுவதுமாக இருந்தேன். அவளும் தட்டிப் பார்க்கக் கேட்டாள். சரி என்று நான் பிடித்துக்கொண்டேன், அவள் தட்டினாள். இழைத்தேன், தட்டினாள். ஐந்தாறு முறைக்குப் பிறகு சொன்னாள், "இப்ப குண்டா இருக்கு சத்தம். முன்னாடி ஒல்லியா இருந்துச்சு."

மெலிய மெலியத் தட்டொலி கீழே இறங்கும். அதைத்தான் சொல்கிறாள். என் விரல்களுக்கிடையிலும் நடுக்கம் அகன்றிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு தடவை தட்டு" என்றேன். தட்டினாள். "போதுமாப்பா?" "நீ சொல்லு." கொஞ்சம் யோசித்தாள். "போதும்." காலிப்பரை வைத்தேன். 1.9. நானாக இருந்தால் பயத்தில் 2.1-லேயே நிறுத்தியிருப்பேன்.

அன்று அவளிடம் சொன்னேன். அந்த ராத்திரியைப் பற்றி அதுவரை நான் பேசியதே இல்லை. "அன்னிக்கு நீ கூப்டது எனக்குக் கேக்கலை. கோபம் எல்லாம் இல்லை. இந்தக் காது செத்துப்போச்சு, இந்தக் காது தலையணைக்குள்ள இருந்துச்சு." அவள் என் வலது காதுக்குள் எட்டிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்ப்பா, அம்மா சொன்னா" என்றாள். எப்போது சொன்னாள் என்று கேட்டேன். ரொம்ப நாளைக்கு முன்னாடியே என்றாள். பிறகு ஏன் கூப்பிடாமல் தட்டுகிறாய் என்று கேட்டதற்கு, இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "அதான் உனக்குக் கேக்குதே."

அந்த யுகுலேலேதான் ஹாலில் தொங்குவது. ஏழாவது ஃபிரெட்டில் லேசாக இரைச்சல் வரும். முதுகில் பசை வழிந்த தடம் இருக்கிறது. அவள் சாயங்காலம் சோபாவில் என் வலது பக்கம் உட்கார்ந்துதான் வாசிப்பாள். இடது பக்கம் வா என்று சொல்வதை விட்டுவிட்டேன். யுகுலேலேயின் அடிப்பகுதி என் கைமேல் இடிக்கும். அவள் சி கார்டு பிடித்தால் முழங்கையில் தெரியும். காதுக்குள் விசில் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதற்குப் பலா மரம் சொல்லி வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் வீணைக்கு ஆகும் மரம் இதற்கும் ஆகாதா என்று பார்க்கவேண்டும். பலகை வந்ததும் இரண்டு பேருமாகக் கடைக்குப் போகிறோம். யார் பிடிப்பது, யார் தட்டுவது என்று இப்போதே தகராறு.